தடயமும் சட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தடய அறிவியலின் வரலாற்றைத் தனியாகவும் குற்றவியல் சட்டத்தின் அடிப்படைகளைத் தனியாகவும் படித்தால் இரண்டுமே பாதிதான் புரியும். அதனால் இங்கே கேள்விகளைக் கலந்தே அடுக்கியிருக்கிறேன். சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் பெரும்பாலான நாடுகளில் ஏதோ ஒரு வடிவில் இருக்கும் பொதுக் கொள்கைகள். குறிப்பிட்ட ஒரு நாட்டின் சட்டப் பிரிவு எண்களைத் தேடி வந்தவர்களுக்கு இது உதவாது.

தடய அறிவியலின் வேலை என்ன, சட்டத்தின் வேலை என்ன?

சம்பவ இடத்திலும் உடலிலும் பொருட்களிலும் கிடைப்பதை வைத்து, இது என்ன, எங்கிருந்து வந்தது, எப்போது, எப்படி வந்தது என்று சொல்வது தடய அறிவியல். ஒருவர் குற்றவாளியா என்ற கேள்வி அதன் எல்லைக்குள் வராது. அதைக் கேட்பது சட்டம். சட்டையில் இருப்பது இறந்தவரின் இரத்தம் என்று ஆய்வகம் சொல்லும். அடித்தபோது தெறித்ததா, தூக்கிவிட்டபோது ஒட்டியதா என்பதைக்கூட சில நேரம் கறையின் வடிவத்தை வைத்துச் சொல்லிவிடலாம். ஆனால் அடித்தவர் தற்காப்புக்காக அடித்தாரா என்பதை எந்த நுண்ணோக்கியும் காட்டாது.

இது எப்போது தொடங்கியது?

பெரும்பாலும் சீனாவில் இருந்துதான் கதையைத் தொடங்குவார்கள். சோங் சி என்ற நீதித்துறை அதிகாரி 1247 இல் மரண விசாரணை செய்யும் அதிகாரிகளுக்காக ஒரு கையேடு எழுதினார். தானே மூழ்கி இறந்தவரையும், கொன்றபின் தண்ணீரில் போடப்பட்டவரையும் எப்படிப் பிரித்தறிவது, கழுத்தை நெரித்ததற்கும் தூக்கு மாட்டிக்கொண்டதற்கும் தடயத்தில் என்ன வித்தியாசம் என்றெல்லாம் அதில் வருகிறது.

அதில் அதிகம் பேசப்படுவது அரிவாள் கதை. வெட்டுப்பட்டு ஒருவர் இறந்து கிடக்கிறார். காயத்தைப் பார்த்தால் அறுவடை அரிவாள் மாதிரி தெரிகிறது. விசாரணை அதிகாரி ஊரில் உள்ள அத்தனை அரிவாள்களையும் வெயிலில் வரிசையாக வைக்கச் சொல்கிறார். எல்லாமே பார்வைக்குச் சுத்தம்தான், ஆனால் ஒன்றின் மேல் மட்டும் ஈக்கள் வந்து மொய்க்கின்றன. அதன் சொந்தக்காரர் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார்.

பூச்சியியலை வைத்துத் துப்புத் துலக்கிய முதல் பதிவு என்று இதைக் கொண்டாடுவார்கள், சரிதான். ஆனால் ஈக்கள் காட்டியது ஓர் அரிவாளை மட்டுமே. அதை அன்று பிடித்திருந்த கையைக் காட்டவில்லை. ஒப்புதல் வாக்குமூலம் வந்ததால் வழக்கு முடிந்தது. வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் பின்னால் வந்த எல்லா நீதிமன்றங்களும் எதிர்கொண்ட சிக்கல்.

ஆய்வகச் சோதனை ஒன்று முதன்முதலில் வழக்கின் போக்கையே மாற்றியது எப்போது?

விஷ வழக்குகளில்தான். ஆர்சனிக் எளிதில் கிடைத்தது, நிறமோ மணமோ கிடையாது, சாகும்போது தெரியும் அறிகுறிகள் காலரா மாதிரியே இருக்கும். கொலைகாரனுக்கு வேறென்ன வேண்டும்?

1830களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஓர் இளைஞன் தாத்தாவின் காப்பியில் ஆர்சனிக் கலந்ததாக வழக்கு. ஜேம்ஸ் மார்ஷ் என்ற வேதியியலாளர் சோதித்தார். மஞ்சள் நிறப் படிவு வந்தது, அது ஆர்சனிக்கின் அடையாளம். ஆனால் ஜூரிகளிடம், அதாவது தீர்ப்புச் சொல்ல உட்கார்த்தப்பட்ட பொதுமக்களிடம், காட்டும் நேரத்தில் படிவு கெட்டுப்போயிருந்தது. கண்ணால் பார்க்காததை ஜூரிகள் நம்பவில்லை, இளைஞன் விடுதலையானான். பிற்பாடு தானே செய்ததாக ஒப்புக்கொண்டான் என்பது வேறு கதை.

மார்ஷுக்கு வந்த ஆத்திரம் அறிவியலுக்கு நல்லதாகப் போயிற்று. 1836 இல் புதிய சோதனை ஒன்றை வெளியிட்டார். மாதிரியோடு துத்தநாகத்தையும் அமிலத்தையும் சேர்த்தால் ஆர்சனிக் வாயுவாக வெளியேறும். அதை எரித்து, சுடரில் குளிர்ந்த பீங்கானைக் காட்டினால் கறுப்பு வெள்ளியாகப் பளபளக்கும் ஒரு படலம் ஒட்டிக்கொள்ளும். அதை நீதிமன்றத்துக்கே எடுத்துக்கொண்டு போகலாம்.

1840 இல் பிரான்சில் மரி லஃபார்ஜ் என்ற பெண், கணவருக்கு விஷம் கொடுத்ததாகக் கூண்டில் நின்றார். உள்ளூர் வல்லுநர்கள் மார்ஷ் சோதனை செய்து பார்த்து ஆர்சனிக் இல்லை என்றார்கள். உடலைத் தோண்டி எடுத்துச் சோதித்தும் இல்லை என்றார்கள். பாரிஸிலிருந்து மத்தேயு ஓர்ஃபிலா வந்தார். விஷங்களைப் பற்றி 1814 இலேயே பெரிய நூல் எழுதியவர். அவர் அதே சோதனையைச் செய்தார், ஆர்சனிக் இருந்தது. கல்லறையைச் சுற்றியிருந்த மண்ணிலிருந்தோ தான் பயன்படுத்திய வேதிப்பொருட்களிலிருந்தோ அது வரவில்லை என்பதையும் சோதித்துச் சொன்னார். மரிக்கு ஆயுள் தண்டனை.

இந்த வழக்கில் எனக்கு முக்கியமாகப் படுவது ஓர்ஃபிலா மண்ணைச் சோதித்தது. விஷம் இருக்கிறது என்று சொல்வதோடு அவர் நிற்கவில்லை. வேறு எந்த வழியில் அது வந்திருக்க முடியும் என்று தானே கேட்டு, அந்த வழிகளை ஒவ்வொன்றாக அடைத்தார். இன்றும் நல்ல ஆய்வகத்தின் அடையாளம் அதுதான்.

உடலில் விஷம் கலந்ததை நிரூபித்தால் அது கொலைதானே?

இல்லை. 1910 இல் இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கைச் சட்ட மாணவர்கள் எல்லாரும் படிப்பார்கள். மகன் தாயின் பானத்தில் சயனைடு கலந்து வைத்தான். தாய் இறந்து கிடந்தார், பக்கத்தில் குடித்து மிச்சமிருந்த கோப்பை. ஆனால் மருத்துவச் சான்று வேறு சொன்னது: சாவுக்குக் காரணம் மாரடைப்பு, கோப்பையில் இருந்த விஷமும் ஆளைக் கொல்லப் போதாத அளவு. கொல்லும் எண்ணம் இருந்தது, செயலும் இருந்தது. சாவும் நடந்துவிட்டது. ஆனால் அந்தச் செயலால் அந்தச் சாவு நடக்கவில்லை. அதனால் கொலைக் குற்றம் நிற்கவில்லை, கொலை முயற்சிக்கு மட்டும் தண்டனை கிடைத்தது.

அப்படியானால் ஒரு செயல் குற்றமாக என்னென்ன வேண்டும்?

முதலில், அந்தச் செயலைச் செய்தபோதே அதைக் குற்றம் என்று சொல்லும் சட்டம் இருந்திருக்க வேண்டும். நேற்று செய்ததை இன்று சட்டம் போட்டுத் தண்டிக்கக் கூடாது. உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 11 ஆவது பிரிவில் இது இருக்கிறது.

அடுத்து, செயல். மனதில் நினைத்ததற்காக யாரையும் தண்டிக்க முடியாது. சில இடங்களில் செய்யாமல் விட்டதும் செயலாகும். குழந்தைக்குச் சோறு போட வேண்டிய பெற்றோர் பட்டினி போட்டால் அது குற்றம்.

அப்புறம் மனநிலை. இதுதான் அதிகம் சண்டை நடக்கும் இடம். வேண்டுமென்றே செய்வது, இப்படி ஆகும் என்று தெரிந்தே செய்வது, ஆபத்து தெரிந்தும் துணிவது, கவனிக்க வேண்டியதைக் கவனிக்காமல் விடுவது என்று படிகள் இருக்கின்றன. ஒரே சாவு, மனநிலையைப் பொறுத்துக் கொலையாகலாம், கவனக்குறைவால் ஏற்பட்ட மரணமாகலாம், வெறும் விபத்தாகவும் ஆகலாம். சில சிறிய குற்றங்களுக்கு மட்டும் மனநிலையே பார்ப்பதில்லை. வேக வரம்பை மீறினால் மீறியதுதான்.

கடைசியாக, செயலுக்கும் விளைவுக்கும் நேரடித் தொடர்பு. சயனைடு வழக்கில் அறுந்துபோனது இந்தக் கண்ணிதான்.

ஏன் கொன்றார் என்பதை நிரூபிக்க வேண்டுமா?

பொதுவாகத் தேவையில்லை. சொத்துக்காகவா பழிக்காகவா என்ற காரணம் வேறு, கொல்ல வேண்டும் என்ற எண்ணம் வேறு. சட்டத்துக்கு வேண்டியது இரண்டாவது. காரணம் தெரிந்தால் நம்புவது எளிது, அவ்வளவுதான். நல்ல காரணத்துக்காகக் கொன்றேன் என்பதும் விடுதலை தராது. தண்டனையைக் குறைக்க உதவலாம்.

கைரேகையைக் கண்டுபிடித்தது யார்?

ஒருவர் பெயரைச் சொன்னால் நாலு பேர் சண்டைக்கு வருவார்கள். உண்மையிலேயே வந்தார்கள்.

வங்காளத்தில் ஜாங்கிபூரில் நிர்வாகியாக இருந்த வில்லியம் ஹெர்ஷல், 1858 இல் ஓர் ஒப்பந்தக்காரரின் உள்ளங்கையை மை தடவி ஒப்பந்தத்தில் பதிக்கச் செய்தார். பின்னாளில் இது என் கையெழுத்தில்லை என்று அவர் மறுக்கக் கூடாதே என்ற கவலை. பல வருடங்கள் ரேகைகளைச் சேகரித்து, வயதானாலும் அவை மாறுவதில்லை என்று கண்டார். டோக்கியோவில் மருத்துவராக இருந்த ஹென்றி ஃபோல்ட்ஸ், சம்பவ இடத்தில் கிடைக்கும் ரேகையை வைத்துக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம் என்று 1880 இல் ஓர் அறிவியல் இதழுக்கு எழுதினார். உடனே ஹெர்ஷலும் எழுதினார், நான் முன்னாடியே செய்துகொண்டிருக்கிறேன் என்று. இருவருக்கும் இடையே இந்தப் போட்டி பல பத்தாண்டுகள் ஓடியது. 1892 இல் பிரான்சிஸ் கால்டன் இதைக் கணித அடிப்படையில் நூலாக எழுதிப் பெரும்பங்கு புகழை அள்ளிக்கொண்டார்.

அதே 1892 இல் அர்ஜென்டினாவின் நெகோசியா ஊரில் கைரேகை ஒரு கொலை வழக்கை முடித்தது. இரண்டு குழந்தைகள் கொல்லப்பட்டிருந்தார்கள். தாய் பிரான்சிஸ்கா ரோஹாஸ் பக்கத்து வீட்டுக்காரரைக் கைகாட்டினார். போலீஸ் அந்த ஆளைச் சித்திரவதை செய்தும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அந்நாட்டில் ரேகை முறையை உருவாக்கிய ஹுவான் வுசெட்டிச்சிடம் அந்தக் கலையைக் கற்ற ஓர் அதிகாரி வந்து, கதவில் இருந்த இரத்தக் கட்டைவிரல் பதிவைப் பார்த்தார். அந்தத் துண்டை அறுத்து எடுத்துப் போய் ஒப்பிட்டார். தாயின் விரல். காட்டியதும் ஒப்புக்கொண்டார்.

ஆனால் ரேகையைச் சேகரிப்பதைவிடத் தேடி எடுப்பதுதான் கஷ்டம். ஆயிரக்கணக்கான அட்டைகளில் ஒன்றை எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு வழி பிறந்தது கொல்கத்தாவில். 1897 இல் அங்கே கைரேகைப் பிரிவு தொடங்கியது. ரேகை வடிவங்களைக் கொண்டு 1,024 பெட்டிகளாகப் பிரிக்கும் முறைக்கு எட்வர்ட் ஹென்றி என்ற அதிகாரியின் பெயர் வைக்கப்பட்டது. அதன் கணக்கைப் போட்டு உழைத்தவர்கள் அஸிஸுல் ஹக்கும் ஹேம் சந்திர போஸும். 1901 இல் அந்த முறை லண்டனுக்குப் போனது, ஹென்றியும் போனார். மற்ற இருவர் பெயரும் நெடுநாள் கோப்புகளுக்குள்ளேயே கிடந்தது.

அதற்கு முன் குற்றவாளிகளை எப்படி அடையாளம் கண்டார்கள்?

பாரிஸ் காவல்துறையில் எழுத்தராகச் சேர்ந்த அல்ஃபோன்ஸ் பெர்த்தியோன், தலையின் நீளம், நடுவிரல், பாதம் என்று 11 அளவுகள் எடுத்து அட்டைகளில் பதிந்தார். 1880களில் இது பெரிய வெற்றி. வேறு பெயரில் மறுபடி மாட்டியவர்கள் அளவுகளால் பிடிபட்டார்கள். ஆனால் அளப்பவர் கை கொஞ்சம் மாறினாலும் எண் மாறிவிடும். கைரேகை வந்ததும் இது ஒதுங்கியது. இதே பெர்த்தியோன் கையெழுத்து நிபுணர் வேலையும் பார்க்கப் போய், 1894 இல் டிரைஃபஸ் என்ற அப்பாவி ராணுவ அதிகாரிக்கு எதிராகச் சொன்ன கருத்து பிரான்ஸையே இரண்டாக்கிய வழக்கில் போய் முடிந்தது. ஒரு துறையில் மேதை என்பவர் அடுத்த துறையிலும் மேதையாக இருக்க வேண்டும் என்பதில்லை.

சரி, கைரேகை பொருந்திவிட்டால் வழக்கு முடிந்துவிடுமா?

பிரிட்டிஷ் இந்தியாவின் ஜல்பைகுரியில் தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் கழுத்து அறுபட்டுக் கிடந்தார், பணம் திருடு போயிருந்தது. அங்கிருந்த வங்காளப் பஞ்சாங்கம் ஒன்றில் இரத்தக் கறையோடு விரல் பதிவு. கொல்கத்தா பிரிவின் கோப்புகளில் தேடியபோது, முன்பு தண்டனை பெற்ற காங்காலி சரண் என்ற முன்னாள் வேலையாளின் வலது கட்டைவிரலோடு பொருந்தியது. 1898 இல் தீர்ப்பு வந்தது: திருட்டுக்குத் தண்டனை, கொலைக்கு இல்லை. அவர் அங்கே இருந்தார், பஞ்சாங்கத்தைத் தொட்டார் என்பதை ரேகை காட்டியது. கத்தியை எடுத்தது அவர்தான் என்று அது சொல்லவில்லை. அந்தத் தீர்ப்பைக் கோழைத்தனம் என்பவர்கள் உண்டு. எனக்கு அது நிதானமாகவே தெரிகிறது.

பொருந்தியது என்று சொல்வதிலேயே தவறு நடக்கவும் செய்யும். 2004 மார்ச்சில் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்புக்குப் பிறகு, ஒரு பையில் கிடைத்த ரேகை அமெரிக்க வழக்கறிஞர் ஒருவருடையது என்று அந்நாட்டின் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் நிபுணர்கள் அடித்துச் சொன்னார்கள். இரண்டு வாரம் அவரைக் காவலில் வைத்தார்கள். ஸ்பெயின் போலீஸ் தொடக்கத்திலிருந்தே சந்தேகப்பட்டது, கடைசியில் அது அல்ஜீரியாவைச் சேர்ந்த வேறொருவருடையது என்று கண்டது. எஃப்பிஐ மன்னிப்புக் கேட்டது, அரசு 20 லட்சம் டாலர் இழப்பீடு கொடுத்தது. இரண்டு பேருக்கு ஒரே ரேகை இருந்ததால் வந்த பிழை இல்லை இது. அரைகுறையாகப் பதிந்த ரேகை, அதைப் பார்த்த மனிதக் கண், முதல் நிபுணர் சொன்னதை அடுத்தவர் மறுக்கத் தயங்கியது எல்லாம் சேர்ந்து செய்த வேலை.

குற்றமற்றவர் என்று நிரூபிக்க வேண்டியது யார் பொறுப்பு?

யாருடைய பொறுப்பும் இல்லை. குற்றம் செய்தார் என்று நிரூபிக்க வேண்டியதுதான் பொறுப்பு, அது அரசுத் தரப்பினுடையது. குற்றம் சாட்டப்பட்டவர் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கலாம்.

இது எப்போதும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. 1935 இல் இங்கிலாந்தில் வூல்மிங்டன் என்ற 21 வயது இளைஞரின் வழக்கு. பிரிந்துபோன மனைவியைத் துப்பாக்கியைக் காட்டி மிரட்டப் போனேன், தவறி வெடித்துவிட்டது என்றார். சுட்டது நிரூபணமானால் அது விபத்து என்று நிரூபிப்பது அவர் பாடு என்று நீதிபதி ஜூரிகளிடம் சொன்னார். மரண தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அதைத் தலைகீழாக்கியது: குற்றத்தை நிரூபிப்பது அரசின் கடமை, ஆங்கிலக் குற்றவியல் சட்டம் முழுக்க ஓடும் தங்க இழை அது என்றார் சாங்கி பிரபு. வூல்மிங்டன் பிழைத்தார்.

எவ்வளவு நிரூபிக்க வேண்டும்? சொத்துத் தகராறில் எந்தப் பக்கம் தட்டு கொஞ்சம் தாழ்கிறதோ அந்தப் பக்கம் தீர்ப்பு. குற்ற வழக்கில் நியாயமான சந்தேகம் மிச்சமில்லாமல் நிரூபிக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் அதன் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கு.

கொலை வழக்குக்கு உடல் கிடைத்தே ஆக வேண்டுமா?

வேண்டாம். ஆனால் உடல் இல்லாமல் தண்டிக்க நீதிமன்றங்கள் ஏன் பயந்தன என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. 1660 இல் இங்கிலாந்தின் கேம்ப்டன் ஊரில் வில்லியம் ஹாரிசன் என்ற முதியவர் காணாமல் போனார். அவருடைய வேலையாள், என் அம்மாவும் சகோதரனும்தான் கொன்றார்கள் என்று வாக்குமூலம் கொடுத்தான். மூவரையும் தூக்கில் போட்டார்கள். 1662 இல் ஹாரிசன் உயிரோடு திரும்பி வந்தார்.

அந்த வேலையாள் ஏன் அப்படிச் சொன்னான் என்பதற்கு இன்றுவரை நல்ல விளக்கம் இல்லை. ஒப்புதல் வாக்குமூலத்தைத் தனியாக நம்பக் கூடாது, வேறு சான்றும் வேண்டும் என்ற விதி பல நாடுகளில் இருப்பது ஏன் என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு கதை போதும்.

இந்தப் பயத்தையே ஒருவன் முதலீடாக்கப் பார்த்தான். ஜான் ஹேய் என்பவன் 1940களில் ஆட்களைக் கொன்று கந்தக அமிலத்தில் கரைத்தான். உடல் இல்லையென்றால் வழக்கும் இல்லை என்பது அவன் கணக்கு. 1949 இல் பிடிபட்டபோது போலீசாரிடமே அப்படிக் கேட்டானாம். நோய்க்குறியியல் நிபுணர் கீத் சிம்சன் அவன் பட்டறை முற்றத்துச் சகதியைக் கிளறினார். பித்தப்பைக் கல்லும் செயற்கைப் பல்செட்டும் கரையாமல் கிடந்தன. பல்செட்டை, அவன் கடைசியாகக் கொன்ற பெண்ணின் பல் மருத்துவர் அடையாளம் காட்டினார். அவனுக்கு மரண தண்டனை.

சந்தர்ப்ப சாட்சியம் பலவீனமானது என்கிறார்களே?

சினிமா வக்கீல்கள் சொல்வது. கைரேகை, டிஎன்ஏ, தோட்டா எல்லாமே சந்தர்ப்ப சாட்சியம்தான், அதிலிருந்து நாம்தான் ஒரு முடிவுக்கு வர வேண்டும். கண்ணால் கண்ட சாட்சி நேரடிச் சாட்சி. ஆனால் இருட்டில் அரை நிமிடம் பார்த்த கண்ணை நான் அவ்வளவு நம்பமாட்டேன்.

1784 இல் இங்கிலாந்தின் லங்காஸ்டரில் ஒரு வழக்கு. அன்றைய துப்பாக்கியில் மருந்தை அடைக்கக் காகிதத்தைக் கசக்கித் திணிப்பார்கள். இறந்தவரின் காயத்தில் கிடைத்த காகிதமும், ஜான் டாம்ஸ் என்பவரின் சட்டைப்பையில் இருந்த பாட்டுத்தாளின் கிழிந்த ஓரமும் கச்சிதமாகப் பொருந்தின. யாரும் பார்க்கவில்லை, ஆனாலும் தண்டனை உறுதியானது.

இந்த எண்ணத்துக்குக் கோட்பாடு கொடுத்தவர் எட்மண்ட் லோகார்ட். 1910 இல் பிரான்சின் லியோன் நீதிமன்றக் கட்டடத்தின் மாடியறைகளில் சிறிய ஆய்வகம் தொடங்கினார். ஒரு பொருள் இன்னொன்றைத் தொட்டால் இரண்டும் ஏதோ ஒன்றை விட்டு, ஏதோ ஒன்றை எடுத்துக்கொள்ளும் என்பதுதான் அவர் கருத்தின் சாரம். 1912 இல் ஒரு பெண் கழுத்து நெரிக்கப்பட்டு இறந்தார். காதலனிடம் வேறு இடத்தில் இருந்ததற்கு நல்ல சாட்சிகள். லோகார்ட் அவன் நகக்கண்களைச் சுரண்டிப் பார்த்தார், இளஞ்சிவப்பு முகப்பவுடர். அந்தப் பெண்ணுக்கென்று தனியாகக் கலந்து தயாரித்த பவுடர் அது. பின்னால் ஒப்புக்கொண்டான், சாட்சிகளை ஏமாற்றக் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததையும் சேர்த்து.

இரத்தக் கறை மனிதனுடையதா என்று எப்போதிலிருந்து சொல்ல முடிந்தது?

1901 இலிருந்து. ஜெர்மனியில் பால் உலென்ஹூட் ஒரு சோதனையைக் கண்டுபிடித்தார். அதே ஆண்டு ரூகன் தீவில் இரண்டு சிறுவர்கள் கொல்லப்பட்டார்கள். சந்தேகப்பட்ட தச்சன், உடையில் இருப்பது மரச்சாயம் என்றான். உலென்ஹூட் அந்தக் கறைகளில் ஆட்டு இரத்தத்தையும் மனித இரத்தத்தையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினார். கார்ல் லாண்ட்ஸ்டைனர் இரத்த வகைகளை வெளியிட்டதும் 1901 இல்தான்.

டிஎன்ஏ சோதனையின் முதல் பெரிய வழக்கு எது?

1984 செப்டம்பரில் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ், ஆளுக்கு ஆள் மாறும் டிஎன்ஏ வடிவங்களைப் படத்தில் பார்த்தார். முதலில் பயன்பட்டது குற்ற வழக்கில் இல்லை. 1985 இல் பிரிட்டனுக்குத் திரும்பி வந்த ஒரு கானா குடும்பத்துச் சிறுவன் உண்மையிலேயே அந்தத் தாயின் மகன்தான் என்று நிரூபிக்க உதவியது.

பிறகு லெஸ்டருக்குப் பக்கத்திலேயே 1983, 1986 ஆண்டுகளில் 15 வயதுச் சிறுமிகள் இருவர் கொல்லப்பட்ட வழக்கு. 17 வயது இளைஞன் ஒருவன் இரண்டாவது கொலையை ஒப்புக்கொண்டிருந்தான், முதலாவதை மறுத்தான். இரண்டையும் அவன் தலையில் கட்டிவிடலாம் என்ற நம்பிக்கையில் போலீஸ் ஜெஃப்ரிஸிடம் போனது. விடை: இரண்டையும் செய்தது ஒரே ஆள், ஆனால் இந்த இளைஞன் கிடையாது. டிஎன்ஏ கொலை வழக்கில் செய்த முதல் வேலை, ஒப்புக்கொண்ட ஒருவனை விடுவித்தது.

அப்புறம் சுற்றுவட்டார ஆண்கள் சுமார் 5,000 பேரிடம் மாதிரி எடுத்தார்கள். யாரும் பொருந்தவில்லை. காலின் பிட்ச்ஃபோர்க் என்பவர் தன் பெயரில் சக ஊழியரை அனுப்பியிருந்தார். அந்த ஊழியர் மதுக்கடையில் இதை உளற, கேட்டவர் ஒருவர் போலீசில் சொன்னார். 1988 ஜனவரியில் ஆயுள் தண்டனை. இவ்வளவு பெரிய அறிவியலுக்கு நடுவில் குற்றவாளியைப் பிடித்துக் கொடுத்தது ஒரு வம்புப் பேச்சு.

டிஎன்ஏ தவறாகப் போகுமா?

அறிவியல் உறுதியானது. அதைத் தொடும் கைகளும் அதற்குப் பொருள் சொல்லும் வாய்களும்தான் தவறு செய்யும்.

ஜெர்மனியில் 2007 இல் ஹைல்பிரான் நகரில் பெண் காவலர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். காரில் கிடைத்த டிஎன்ஏ, பல வருடங்களாக மூன்று நாடுகளில் சுமார் 40 சம்பவ இடங்களில் கிடைத்த ஒரு பெண்ணுடையது. கொலையும் செய்கிறாள், சில்லறைத் திருட்டும் செய்கிறாள், யாருமே அவளைப் பார்த்ததில்லை. 3,00,000 யூரோ பரிசு அறிவித்தார்கள். 2009 இல் உண்மை வெளிவந்தது: மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சிகளைத் தொழிற்சாலையில் அடுக்கிய பெண்ணின் டிஎன்ஏ அது. குச்சிகளில் கிருமி நீக்கியிருந்தார்கள், டிஎன்ஏ நீக்கவில்லை.

இன்னொரு ஆபத்து எண்கள். பத்து லட்சத்தில் ஒருவருக்குத்தான் இப்படிப் பொருந்தும் என்றால், இவர் நிரபராதியாக இருக்க வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். அது தவறு. ஒரு கோடிப் பேர் வாழும் பகுதியில் அப்படிப் பொருந்துபவர்கள் பத்துப் பேர் இருக்கலாம். வேறு சான்றே இல்லையென்றால் இவர் அந்தப் பத்தில் ஒருவர், அவ்வளவே.

இந்த வகைப் பிழை டிஎன்ஏ இல்லாத வழக்குகளிலும் உயிரை வாங்கியிருக்கிறது. 1999 இல் இங்கிலாந்தில் இரண்டு கைக்குழந்தைகளை அடுத்தடுத்து இழந்த ஒரு தாயைக் கொலைகாரி என்றார்கள். ஒரு வீட்டில் இரண்டு குழந்தைகள் தற்செயலாக இப்படி இறக்க 7.3 கோடியில் ஒன்றே வாய்ப்பு என்று ஒரு குழந்தை மருத்துவ நிபுணர் சொன்னார். 8,543 ஐ அதே எண்ணால் பெருக்கி வந்த கணக்கு. முதல் மரணத்துக்குப் பரம்பரைக் காரணம் இருந்தால் இரண்டாவதற்கும் அதே காரணம் இருக்கலாமே என்பதைக் கணக்கு பார்க்கவில்லை. ஒரு குழந்தைக்குத் தொற்று இருந்ததைக் காட்டும் அறிக்கை எதிர்த்தரப்புக்குத் தரப்படாததும் பின்னால் தெரிந்தது. 2003 இல் விடுதலையானார், நாலே வருடத்தில் இறந்தார்.

இறந்த நேரத்தைத் துல்லியமாகச் சொல்ல முடியுமா?

இரவு 10.20 என்றெல்லாம் முடியாது. உடல் சூடு, விறைப்பு, இரத்தம் தேங்கிய நிறம், புழுக்களின் வளர்ச்சி எல்லாம் பார்த்து ஒரு இடைவெளி சொல்வார்கள். நாள் ஆக ஆக அந்த இடைவெளி அகலும்.

மானுடவியலாளர் வில்லியம் பாஸின் அனுபவம் இதில் பிரபலம். 1977 கடைசியில் அமெரிக்காவின் டென்னசியில் கல்லறை ஒன்றில் தலையில்லாத உடல் கிடைத்தது. சதை இன்னும் சிவப்பாக இருந்ததால், இறந்து ஓராண்டு ஆகியிருக்கலாம் என்றார். பார்த்தால், அது 1864 இல் உள்நாட்டுப் போரில் இறந்த கர்னல் ஷையின் உடல். பதப்படுத்தி வார்ப்பிரும்புப் பெட்டியில் வைத்ததால் கெடவில்லை. பாஸ் 113 வருடம் தவறிவிட்டார். அதை மறைக்காமல் ஊரெல்லாம் சொன்னார். தானமாகக் கிடைக்கும் உடல்களைத் திறந்தவெளியில் வைத்து அவை எப்படிச் சிதைகின்றன என்று பார்க்கும் ஆய்வு மையத்தை அவர் தொடங்கியதற்கு அந்தத் தவறும் ஒரு காரணம்.

பொய் கண்டறியும் கருவியை நீதிமன்றம் ஏற்குமா?

பெரும்பாலும் ஏற்காது. அந்தக் கருவி அளப்பது இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம், மூச்சு, வியர்வை போன்றவற்றைத்தான். பயந்த நிரபராதிக்கும் வியர்க்கும். 1923 இல் அமெரிக்காவில் ஃப்ரை என்பவரின் கொலை வழக்கில், இரத்த அழுத்தத்தை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிக்கலாம் என்று வில்லியம் மார்ஸ்டன் சாட்சி சொல்ல முன்வந்தார். நீதிமன்றம் மறுத்தது. இந்த மார்ஸ்டன் பின்னாளில் ஒரு காமிக்ஸ் வீராங்கனையைப் படைத்தார், கட்டினால் உண்மை பேசவைக்கும் கயிறு அவள் ஆயுதம். அங்கே மட்டும் அவர் ஆசை நிறைவேறியது. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2010 இல், ஒருவரின் சம்மதமில்லாமல் இந்தச் சோதனையையோ மயக்க மருந்து கொடுத்துப் பேசவைப்பதையோ செய்யக் கூடாது என்றது.

எந்தச் சோதனையை ஏற்கலாம் என்று நீதிபதி எப்படி முடிவு செய்கிறார்?

ஃப்ரை வழக்கில், அந்தத் துறையினர் பொதுவாக ஏற்றுக்கொண்டதா என்று மட்டும் பார்த்தார்கள். 1993 இல் டாபர்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இன்னும் கேட்டது: சோதித்துப் பார்க்கக்கூடியதா, மற்ற வல்லுநர்கள் சரிபார்த்தார்களா, தவறும் விகிதம் தெரியுமா?

கேள்வி நல்ல கேள்வி. ஆனால் பழக்கத்தில் இருந்த பல முறைகளிடம் அதைக் கேட்கவே யாரும் துணியவில்லை. 2009 இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்வுக் குழு, டிஎன்ஏ தவிர மற்ற எந்த முறையும் ஒரு தடயத்தை ஒரே ஒரு ஆளோடு உறுதியாக இணைக்க முடியும் என்று முறையாக நிரூபிக்கப்படவில்லை என்றது. 2015 இல் எஃப்பிஐ தன் பழைய தலைமுடி ஒப்பீட்டு வழக்குகளைத் திருப்பிப் பார்த்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகச் சாட்சி சொன்ன 268 வழக்குகளில் 257 இல் நிபுணர்கள் அறிவியல் அனுமதிக்காததைச் சொல்லியிருந்தார்கள். பல் தடத்தை வைத்து ஆளை அடையாளம் காண்பது அதைவிட மோசம், என்னைக் கேட்டால் அதை நீதிமன்ற வாசலிலேயே நிறுத்த வேண்டும்.

மனநலம் பாதிக்கப்பட்டவர் குற்றம் செய்தால்?

1843 இல் டேனியல் மக்நாட்டன் என்பவர், தன்னை அரசு துரத்துகிறது என்ற பிரமையில் பிரிட்டிஷ் பிரதமரின் செயலாளரைச் சுட்டுக் கொன்றார். அதிலிருந்து பிறந்த விதி பல நாடுகளுக்குப் பரவியது: தான் செய்வது என்னவென்றோ, அது தவறென்றோ அறிய முடியாத மனநோயில் இருந்தால் குற்றப் பொறுப்பு இல்லை. வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பொருளில்லை. பெரும்பாலும் மனநலக் காப்பகத்தில் வைப்பார்கள்.

சட்டம் தெரியாது என்று சொன்னால்?

செல்லாது.

விடுதலையான ஒருவரை மறுபடி விசாரிக்கலாமா?

ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை கூடாது என்பது பழைய விதி. அரசு திரும்பத் திரும்ப இழுத்தடிக்கும் என்ற பயம்தான் காரணம். இங்கிலாந்து 2003 இல் சட்டம் இயற்றி, கொலை போன்ற பெரிய குற்றங்களில் வலுவான புதுச் சான்று கிடைத்தால் விலக்கு அளித்தது.

ஸ்டீஃபன் லாரன்ஸ் என்ற இளைஞர் 1993 இல் லண்டனில் இனவெறிக்குப் பலியானார். 1996 இல் விடுதலையான ஒருவரின் ஜாக்கெட் காலரில், மில்லிமீட்டரில் பாதிகூடத் தாண்டாத, லாரன்ஸின் இரத்தத் துளி ஒன்றைப் பிற்பாடு கண்டுபிடித்தார்கள். 2012 இல் தண்டனை. எதிர்த்தரப்பு வாதம் என்ன தெரியுமா? அந்தத் துளி, சான்றுப் பைகளை வைத்திருந்தபோது பரவி ஒட்டியிருக்கும் என்பது. நீதிமன்றம் பல நாள் அந்தப் பைகளைப் பற்றியே பேசியது.

அதற்காகத்தான் ஒவ்வொரு பொருளுக்கும் உறை, முத்திரை, கையெழுத்தா?

ஆமாம். யார் எடுத்தார், எங்கே வைத்தார், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற பதிவில் ஓர் இரவு விடுபட்டாலும் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த இரவில்தான் குடியிருப்பார். அது அவர் கடமை. ஈரத் துணியைப் பிளாஸ்டிக் பையில் போடாமல் உலர்த்திக் காகிதப் பையில் போடுவார்கள், இல்லையென்றால் பூஞ்சை பிடித்து டிஎன்ஏ அழிந்துவிடும்.

நிபுணர் சொன்னதை நீதிபதி ஏற்றே ஆக வேண்டுமா?

இல்லை. நிபுணர் சொல்வது கருத்து, காரணத்தோடு ஏற்கலாம், காரணத்தோடு தள்ளலாம். குறுக்கு விசாரணையில் அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி எதுவென்றால், இந்தத் தடயம் வேறு எந்த வழியில் வந்திருக்கலாம் என்பது. வேறு வழியே இல்லை என்று தயங்காமல் சொல்பவரிடம் இன்னும் நாலு கேள்வி கேட்க வேண்டும்.

சம்பவ இடத்துக்கு நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன் என்றால் என்ன செய்ய?

உயிர் இருந்தால் அதைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை, தடயம் அழிந்தாலும் பரவாயில்லை. உயிர் இல்லையென்று தெரிந்தால் வந்த வழியிலேயே பின்வாங்குங்கள். விளக்கைப் போடாதீர்கள், அணைக்காதீர்கள், ஜன்னலைத் திறக்காதீர்கள், அங்கே உள்ள கழிப்பறையைப் பயன்படுத்தாதீர்கள். காவல்துறையை அழைத்துவிட்டு, எதையெல்லாம் தொட்டீர்கள், எந்தக் கதவு திறந்திருந்தது என்று நினைவிருக்கும்போதே எழுதி வையுங்கள். அவர்கள் உங்கள் கைரேகையையும் எடுப்பார்கள். உங்கள் ரேகை எது என்று தெரிந்தால்தான் மற்றவற்றிலிருந்து அதைக் கழிக்க முடியும்.